கம்பி இல்லை, மை: திருகோணமலைக் காற்றில் அச்சு இலத்திரனியல் பழுதானால் என்ன பார்ப்பது

கின்னியாவில் மீன் விற்கும் நானா ஒருவர் போன மாரியில் தன் டிஜிட்டல் தராசைத் தூக்கிக்கொண்டு உப்புவெளியில் இருக்கும் என் மேசைக்கு வந்தார். "தம்பி, ஏழும் எட்டும் ஒம்பதும் விழுதில்ல, மத்த நம்பரெல்லாம் விழுது எண்டு ஒரு இடத்துல குடுத்தன். இப்ப ஒண்டுமே விழுதில்ல" என்றார். திறந்தேன். விசைப்பலகையிலிருந்து உள்ளே போகும் மெல்லிய பிளாஸ்ரிக் வாலில் யாரோ சோல்டரிங் அயனை வைத்திருந்தார்கள். தாள் சுருண்டு கறுத்து, எட்டுத் தடங்களில் ஐந்து இல்லாமற் போயிருந்தன. முதலிலேயே வந்திருந்தால் கால் மணித்தியால வேலை.

"நானா, இதுக்குள்ள இருக்கிறது கம்பி இல்லை, மை" என்று வாலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ரீசேட்டில் படம் அடிப்பதுபோலவே, வெள்ளித் தூளைப் பசையோடு குழைத்து, வலைத் திரை வைத்துப் பொலியெஸ்தர் தாளில் அச்சடித்த மை. தராசின் விசைப்பலகை, சலவை இயந்திரத்தின் முகப்பு, சீனி பார்க்கும் பட்டி, இவை எல்லாவற்றிலும் இப்படி அச்சடித்த மைதான் மின்சாரத்தைக் கொண்டுபோகிறது. கைப்பேசியின் ஓலெட் திரையில் ஒளிர்வதும் சேதனச் சேர்வைகளின், அதாவது காபன் அடிப்படையிலான பொருள்களின், மெல்லிய படலம். செம்புப் பலகையைப் பார்த்துப் பழகிய கை இவற்றைத் தொட்டால் பழுது பெருக்கும். அந்த நானாவுக்கு முழு விசைத்தாளையே மாற்ற வேண்டி வந்தது. இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

கைவைக்கும் முன்

முதலில் எது மை, எது செம்பு என்று பிரித்தறியுங்கள். தெளிந்த தாளில் மங்கிய சாம்பல் நிறக் கோடு ஓடினால் அது வெள்ளி மை. கரிக்கறுப்பாக இருந்தால் காபன் மை. தேன் நிறத் தாளுக்குள் கோடு பளபளத்தால் அது செம்பு. அதில் பற்றாசு (சோல்டர்) வைக்கலாம். மற்ற இரண்டிலும் வைக்கவே கூடாது. ஈயம் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகுகிறது, ஈயமில்லாதது 217 அளவில். பொலியெஸ்தர் தாளோ 80 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும், 250ஐத் தாண்டினால் உருகிவிடும். நம் அயன் முனை நிற்பது 350இல்.

இன்னும் மூன்று விடயம். மைத் தடத்தின் தடிப்பு பொதுவாக 10 மைக்ரோன் அளவுதான். மண்தாளால் தேய்த்தாலோ கத்தியால் சுரண்டினாலோ தடமே போய்விடும். தின்னர், அசற்றோன் இரண்டும் மையின் பசையைக் கரைக்கும், ஆகவே துடைக்க ஐசோபுரொப்பைல் அற்ககோல் மட்டும். மல்ரிமீற்றரின் கூர்முனையால் தடத்தில் குத்தாதீர்கள். முனையில் கொஞ்சம் அலுமினியத் தாளைச் சுற்றி மெதுவாக அழுத்தினால் போதும்.

அளக்கும்போது என்ன எண் வர வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். செம்பில் பூச்சியம் வரும், மையில் வராது. தடத்தை அதன் அகலமே பக்கமான சதுரங்களாக மனத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். 1 மி.மீ. அகலமும் 200 மி.மீ. நீளமும் உள்ள தடத்தில் 200 சதுரம். அச்சடித்த வெள்ளி மை ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 0.02 முதல் 0.05 ஓம் தரும், ஆக அந்தத் தடத்துக்கு 4 முதல் 10 ஓம் வந்தால் நலம். காபன் மை ஒரு சதுரத்துக்குச் சில பத்து ஓம். அதே அளவுத் தடம் காபனில் 6000 ஓம் காட்டினாலும் அது பழுதில்லை. இந்தக் கணக்குத் தெரியாமல், நல்ல காபன் தடத்தைச் செத்ததென்று எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வரிசை விசைகள் மட்டும் விழவில்லை

விசைகள் தனித்தனிக் கம்பியில் இல்லை. 16 விசை உள்ள பலகை 4 நிரை, 4 நிரலாக இருக்கும், வாலில் 8 தடம். ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்றுக்கும் ஒரே நிரைத் தடம். ஆகவே எந்த விசைகள் விழவில்லை என்பதைக் கடதாசியில் கட்டம் போட்டுக் குறித்தால், பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி விடை கையில் இருக்கும். ஒரு வரிசை முழுதும் போனால் அந்தப் பொதுத் தடம். ஒரு விசை மட்டும் போனால் அதன் தொடுபுள்ளி அல்லது மேலிருக்கும் குமிழ். எல்லாம் போனால் வால் கழன்றிருக்கிறது, அல்லது பழுது பலகைக்கு அப்பால்.

வரிசை போயிருந்தால் முதலில் வாலைக் கழற்றி அதன் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நுனியில் வெள்ளிக்கு மேல் காபன் பூசியிருப்பார்கள். அடிக்கடி கழற்றிப் பூட்டினால் அது தேயும். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் உப்பு. சுத்தமான பஞ்சை அற்ககோலில் நனைத்து, பலகைப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் துடைத்து, காயவிட்டு, நேராகப் பூட்டுங்கள். என்னிடம் வரும் தராசுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே சரியாகிவிடுகின்றன. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சரிவராவிட்டால், வால் நுனியில் உரிய நிரைக்கும் நிரலுக்கும் மீற்றரை வைத்து விசையை அழுத்துங்கள். வெள்ளித் தடமென்றால் பொதுவாக 100 ஓமுக்குள் விழும். ஏழு விழுந்து எட்டும் ஒன்பதும் விழாவிட்டால் முறிவு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில். மூன்றுமே விழாவிட்டால் பெரும்பாலும் வால் வளைந்து பெட்டிக்குள் நுழையும் மடிப்பில்தான் முறிந்திருக்கும். இருட்டறையில் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தால், மயிரிழை போல் வெளிச்சம் தடத்தைக் குறுக்கே வெட்டுவது தெரியும்.

அந்த முறிவை வெள்ளிக் கடத்தி மையால் இணைக்கலாம். தடம் காப்புப் பூச்சால் மூடியிருந்தால் மை பிடிக்காது. பூச்சில்லாத இடத்தில்தான் இந்த வைத்தியம். இரு புறமும் ஒட்டுநாடாவால் மறைத்து, முறிவுக்கு அப்பாலும் இப்பாலும் 2 மி.மீ. ஏறி நிற்கும்படி ஒரே இழுப்பில் பூசி, நாடாவை ஈரத்தோடேயே உரித்துவிடுங்கள். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் ஓர் இரவில் காயும். வாடை நாளில் இரண்டு நாள் விடுங்கள். அவசரப்பட்டுப் பூட்டிய வேலை எல்லாம் திரும்பி வந்திருக்கிறது. காய்ந்ததும் மேலே ஒரு பொலியெஸ்தர் நாடா ஒட்டி, அந்த மடிப்பு திரும்பக் கூராக மடியாதபடி வளைவாக விடுங்கள்.

தொடாமலே விசை விழுகிறது, பீப் சத்தம் நிற்கவில்லை

நம் ஊரின் சொந்த வியாதி இது. மூன்று பக்கமும் கடல், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வருட மழையின் பெரும்பகுதி, அதோடு மீன் தண்ணீர். வெள்ளித் தடங்கள் இரண்டு அருகருகே இருந்து, நடுவில் ஈரமும் கொஞ்சம் உப்பும் சேர்ந்து, ஒன்றில் நேர் மின்னழுத்தமும் மற்றதில் மறை மின்னழுத்தமும் இருந்தால், நேர்ப் பக்கத்து வெள்ளி அயன்களாக (மின்னேற்றமுள்ள அணுக்களாக) கரைந்து மறைப் பக்கம் போய்ப் படிகிறது. படிந்த இடத்திலிருந்து பன்ன இலைபோலக் கிளைவிட்டு வளர்ந்து வந்து, கடைசியில் மற்றத் தடத்தைத் தொடுகிறது. அப்போது இயந்திரத்துக்கு விசை அழுத்தியதுபோலவே தெரியும்.

விசை எதையும் தொடாமல், அடுத்தடுத்த தடங்களுக்கிடையில் மீற்றரின் மிகப் பெரிய மெகா ஓம் அளவில் பாருங்கள். ஒன்றுமே காட்டக்கூடாது. சில நூறு கிலோ ஓம் காட்டி, ஆடிக்கொண்டே இருந்தால் ஈரம். சில நூறு ஓமில் அசையாமல் நின்றால் வெள்ளி பாலம் போட்டுவிட்டது.

ஈரமென்றால் பலரும் அற்ககோலால் மட்டும் கழுவுகிறார்கள். கறியுப்பு அற்ககோலில் கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குத்தான் கரையும். அழுக்குப் போய் உப்பு அங்கேயே இருக்கும், அடுத்த மழைக்குத் திரும்ப ஈரத்தை இழுக்கும். முதலில் காய்ச்சி வடித்த தண்ணீர், பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கிறார்களே, அதால் இருமுறை கழுவுங்கள். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். பிறகு அற்ககோல், தண்ணீரை வெளியேற்றுவதற்கு. பிறகு 50 பாகைக்கு மேற்படாத சூட்டில் சில மணித்தியாலம் காயவிடுங்கள்.

ஈரம் தாள்களுக்கு நடுவில் புகுந்திருந்தால் ஒட்டைப் பிரிக்க வேண்டும். தலைமயிர் உலர்த்தியால் இளஞ்சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மிக மெதுவாக. புதுத்தாள் வாங்கக்கூடிய மொடலென்றால் இந்த வேலைக்குப் போகாதீர்கள், பாதி தடவை தடமும் சேர்ந்து உரியும். பிரித்தபின் இலைபோல் வளர்ந்த வெள்ளியைத் தடங்களுக்கு நடுவில் மட்டும் மெல்லிய ஊசியால் விலக்கலாம். சுரண்ட நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் அதுதான்.

திரும்ப வராமலிருக்க, விசைப்பலகையை மெல்லிய பொலித்தீனால் மூடிப் பாவியுங்கள். வியாபாரம் முடிந்ததும் தராசை முழுதாக அணைத்து வையுங்கள். மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஈரம் இருந்தாலும் வெள்ளி நகராது. இந்த ஒரு பழக்கத்தை மாத்திரம் சந்தையில் எல்லோரும் பிடித்துக்கொண்டால் எனக்குப் பெரிய சந்தோசம்.

எண்ணின் சில கோடுகள் மட்டும் தெரியவில்லை

திரவப்படிகத் திரையில் எட்டு மூன்றுபோல் தெரிந்தால், திரை நல்லது, இணைப்பில்தான் பிழை. கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் கறுப்பும் வெள்ளையுமான ரப்பர் துண்டு இருந்தால், அதைக் கழற்றி, ரப்பரையும் கண்ணாடி விளிம்பையும் அற்ககோலால் துடைத்து, திருகாணிகளைச் சமமாக இறுக்குங்கள். மெல்லிய காபன் நாடா சூட்டில் ஒட்டியிருந்தால், அதன்மேல் சிலிக்கோன் துண்டு வைத்து, 120 பாகை அளவுச் சூட்டில் சில விநாடி அழுத்தலாம். சில வேளை ஒட்டும், சில வேளை ஒட்டாது.

ஓலெட் திரையில் கறுப்புப் புள்ளி, நாளுக்கு நாள் பெருக்கிறது

முதலில் அது ஓலெட்தானா என்று பாருங்கள். இருட்டில் முழுக் கறுப்புப் படத்தைத் திரையில் போடுங்கள். ஒளி கொஞ்சமும் கசியாவிட்டால் ஓலெட்.

1987இல் ஈஸ்ட்மன் கொடாக்கில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிரும் சேதன ஒளிகாலும் இருவாயியை, அதாவது ஓலெட்டை, வெளியிட்டார்கள். இன்றைய திரைகள் அந்த வழியில் வந்தவை. ஒளிரும் சேதனப் படைகள் எல்லாம் சேர்த்தே 0.1 அல்லது 0.2 மைக்ரோன், தலைமயிர் 70 மைக்ரோன் என்று வைத்துப் பாருங்கள். தண்ணீரும் ஒட்சிசனும் அந்தப் படைக்கும் அதன்மேலுள்ள உலோக மின்வாய்க்கும் நடுவில் புகுந்தால், உலோகம் ஒட்சைட்டாகி எழும்பும், மின்னோட்டம் அந்த இடத்தில் நிற்கும். அதுதான் கறுப்புப் புள்ளி. நல்ல ஓலெட் மூடிக்குள் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு நாளில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீராவிதான் போகலாம் என்பது தொழிலின் கணக்கு. சாதாரணப் பொலியெஸ்தர் தாள் கிராம் கணக்கில் விடும். கைப்பேசி விழுந்து விளிம்பு மயிரிழையாக வெடித்தாலும் அந்த மூடி போய்விட்டது.

ஆகவே இதற்கு வைத்தியம் இல்லை. அரிசிக்குள் வைப்பதால் புள்ளி சுருங்காது. திரையை மாற்றும் வரைக்கும் விளிம்பை நாடாவால் மூடி, தரவுகளை இன்றே பிரதி எடுங்கள். வாடைக் காலத்தில் புள்ளி கிழமைக்குள் திரையின் பாதியைத் தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு குழப்பிக்கொள்ளும் வேறு இரண்டு உண்டு. பழைய படத்தின் நிழல் நிரந்தரமாக நின்றால், அதிகம் எரிந்த புள்ளிகள் மற்றவற்றை விட மூத்துவிட்டன என்று அர்த்தம். நீலந்தான் முதலில் களைக்கும். அதைத் திருத்துவதாகச் சொல்லும் செயலிகள் மிச்சப் புள்ளிகளையும் சேர்த்து முதுமையாக்குகின்றன. வெளிச்சத்தைக் குறைத்து, அசையாத படங்களை எடுத்துவிடுங்கள். மேலிருந்து கீழாகப் பச்சை அல்லது வெள்ளைக் கோடு நின்றால் சேதனப் படை பெரும்பாலும் நல்லது, திரையை இயக்கும் சிப்புக்கும் திரைக்கும் நடுவிலான ஒட்டு விட்டிருக்கும். அப்போது பற்றரி வீங்கித் திரையைத் தள்ளுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வீங்கியிருந்தால் மின்னேற்றாதீர்கள்.

வளையும் சேதனச் சூரியத் தாள்களுக்கும் இதே விதிதான். ஓரத்தைக் கத்தரித்தால் காற்றுக்கு வாசல் திறந்ததுபோல; வெட்டிய விளிம்பிலிருந்து உள்நோக்கி நிறம் மாறிக்கொண்டு போகும்.

சீனி பார்க்கும் பட்டி பிழை காட்டுகிறது

உலகில் அதிகம் அச்சாகும் இலத்திரனியல் பொருள்களில் இதுவும் ஒன்று. காபன் மை மின்வாய்கள், அவற்றின்மேல் உலர்ந்த நொதியம். ஒரு மைக்ரோலீற்றரும் இல்லாத இரத்தத்தில் நொதியம் குளுக்கோசோடு தாக்கமுற்று, வரும் மிகச் சிறிய மின்னோட்டத்தை மீற்றர் எண்ணாக்குகிறது. இதைத் திருத்த முயலவே கூடாது, பட்டியை எறியுங்கள். ஆனால் ஏன் பிழை காட்டியது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த பட்டியும் அதே டப்பாவில் இருக்கிறது.

டப்பாவைத் திறந்து வைத்தீர்களா? மூடியிலோ சுவரிலோ ஈரமுறிஞ்சி இருக்கிறது, அது நம் ஊர்க் காற்றோடு சில மணித்தியாலத்துக்கு மேல் போராடாது. பட்டிகளை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். பல டப்பாக்களில் 30 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். கச்சான் மாதங்களில் வெளியே 34, 35 வரும், தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வேண்டாம், வெளியே எடுத்ததும் பட்டியில் நீர் வேர்க்கும். அடுப்படியையும் யன்னலையும் விட்டு, வீட்டின் குளிர்ந்த அறையில் நடுச்சுவர் அலுமாரி நல்லது.

மாம்பழம் தொட்ட விரலில் பார்த்தால் எண் கூடும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, புதுப் பட்டியில் திரும்பப் பாருங்கள். மீற்றரோடு வரும் கட்டுப்பாட்டுக் கரைசலில் சோதித்து, டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் வராவிட்டால் முழு டப்பாவையும் விடுங்கள். சந்தேகமான எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்ற வேண்டாம். ஆளுக்கு வியர்வை, நடுக்கம், மயக்கம் இருந்தால், அல்லது மூச்சு வாங்கி வாந்தி வந்தால், மீற்றரோடு மல்லுக்கட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நாங்களே அச்சடித்த தடம் மின்சாரம் கடத்தவில்லை

பாடசாலைப் பிள்ளைகள் இந்தக் கேள்வியோடு வரும்போது எனக்கு மனம் நிறையும். தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி, வயல் நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு பட்டியைச் செய்துகொண்டு வந்தாள். மை தொட்டால் காய்ந்திருந்தது, மீற்றர் ஒன்றும் காட்டவில்லை.

தொட்டுக் காய்ந்ததும் கடத்துவதும் வேறு வேறு. வெள்ளித் துணிக்கைகளைச் சுற்றிப் பசையும் கரைப்பானும் இருக்கின்றன. அவை விலகித் துணிக்கைகள் ஒன்றையொன்று தொட வேண்டும். திரை அச்சு வெள்ளி மைகள் பெரும்பாலும் 120, 130 பாகையில் பத்து நிமிடமளவு கேட்கும். தலைமயிர் உலர்த்தி அதற்குக் காணாது. உடுப்பு அயன் பண்ணும் பெட்டியைச் செயற்கைத் துணி அளவில் வைத்து, பேக்கிங் தாளுக்கு மேலாக அழுத்தச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மீற்றர் 9 ஓம் காட்டியது. ஏற்கெனவே சூட்டில் சுருங்கவைத்த தாளில் அச்சடித்தால் வடிவம் கோணாது, சாதாரணத் தாள் கொஞ்சம் சுருங்கும்.

தட்டையாக இருக்கும்போது கடத்தி வளைத்தால் விட்டுப்போனால், தடத்தை அடையாள அட்டைக்குப் போடுவதுபோல் லமினேற் பண்ணுங்கள். இரு பக்கமும் ஒரே தடிப்பில் பிளாஸ்ரிக் இருக்கும்போது தடம் நடுத்தளத்தில் நிற்கும். வளையும்போது மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெருங்கும், நடு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஈரத்துக்கும் ஒரு தடுப்பு.

அவளுடைய பட்டி வயலில் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. சேற்றில் வெளியே தெரிந்த வெள்ளி ஒரு பக்கம் கரைந்திருந்தது, நேரோட்டத்தில் (ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தில்) நடக்கும் மின்பகுப்பு. தண்ணீர் தொடும் இடத்தில் வெள்ளியே தெரியாதபடி காபனால் முழுதும் மூடி, நிமிடத்துக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பில், ஒவ்வொரு முறையும் திசையை மாற்றி அளக்க வைத்தோம். அந்தப் போகம் முழுதும் நின்று பிடித்தது. காபன் மையின் கறுப்பில் ஒரு பகுதி, பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம் (கிரபைற்). போகலையிலும் கஹட்டகஹவிலும் உயர்ந்த தூய்மையில் அதை வெட்டி எடுக்கும் நாடு நம்முடையது. நம் பிள்ளைகள் இந்த மையைத் தாங்களே குழைக்கப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளிக்குப் பதிலாகக் கடத்தும் பல்பகுதியத்தில் (பொலிமரில்) அச்சடித்தவர்கள், பகலில் ஓர் எண்ணும் இரவில் வேறு எண்ணும் வருகிறது என்கிறார்கள். பெடொட் என்பது அப்படியொரு பல்பகுதியம்; அந்த வகை மையின் ஒரு கூறு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும். 1977இல் ஷிரகாவா, மக்டியார்மிட், ஹீகர் மூவரும் அயடீன் ஊட்டிக் கடத்தவைத்த பொலியசற்றிலீனும் காற்றில் கெட்டுப்போவதுதான். அதற்கான நோபல் பரிசு 2000இல் வந்தது. அந்தப் பலவீனம் பிறவியிலேயே வந்தது என்று எடுத்துக்கொண்டு, லமினேற் பண்ணி மூடுங்கள், அல்லது பக்கத்தில் ஒரு மூடிய பட்டியை வைத்து இரண்டின் வித்தியாசத்தை அளந்து பாருங்கள்.

பகலில் வேலை செய்கிறது, இரவிலும் மழையிலும் இல்லை

மேலே சொன்ன எதிலும் அடங்காத பழுதுக்கு இதைச் செய்து பாருங்கள். பற்றரியைக் கழற்றி, பொருளை இறுக்கமான பிஸ்கட் தகரத்துக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகள் பத்துப் பன்னிரண்டோடு இரண்டு இரவு வையுங்கள். வெளியே எடுத்ததும் வேலை செய்து, சில மணித்தியாலத்தில் திரும்ப நின்றால் காரணம் ஈரம். அப்போது மேலே சொன்னபடி வடித்த தண்ணீரால் உப்பை எடுத்து, காயவைத்து, வாலின் நுழைவாயிலைச் சிலிக்கோன் பசையால் அடையுங்கள். வினாகிரி வாசம் வரும் சிலிக்கோன் வேண்டாம், அதிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் தடத்தை அரிக்கும். தகரத்தில் இரண்டு இரவு இருந்தும் மாற்றம் இல்லையென்றால் ஈரத்தை மறந்துவிட்டு, சூட்டில் விரிந்து சுருங்கும் ஒரு முறிவைத் தேடுங்கள்; வாலின் மடிப்பிலிருந்து தொடங்குங்கள்.